கவுன்சிலரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

புறநகரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களிடம் எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். வார்டு எண் என்ன என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். நகராட்சி அலுவலகத்தில், மன்றப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். கவுன்சிலர்கள் கூடும் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பது, தீர்மானப் புத்தகம் எழுதுவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. இப்போது தெருவில் பார்ப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கவுன்சிலர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டோம் மேடம், ஏன் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது?"

சொன்னீர்கள், சரி. எழுதிக் கொடுத்தீர்களா? வாயால் சொன்னது வாசலோடு போய்விடும். காகிதமாக உள்ளே வந்தது மட்டும்தான் என்றைக்காவது ஒரு நாள் மன்றத்தின் முன் விவாதப் பொருளாக வரும். கவுன்சிலரின் அதிகாரம் என்பதே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அந்தப் பொருளை ஆதரிப்பதோ எதிர்ப்பதோதான். மற்றதெல்லாம் செல்வாக்கு. செல்வாக்கு ஆளுக்கு ஆள் மாறும், அஜெண்டா மாறாது.

தமிழ்நாட்டில் இப்போதிருக்கும் நகராட்சி மன்றங்கள் 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் அமைந்தவை. கவுன்சிலர்கள் மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். பதவிக்காலம் ஐந்து வருடம், அதாவது 2027 மார்ச் தொடக்கம் வரை. அதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். நடத்தாமல் விட்டதும் உண்டு. 2011-ல் வந்த மன்றங்கள் 2016 அக்டோபரில் முடிந்தன. அடுத்தது வர 2022 ஆகிவிட்டது. நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாக, மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: வேலை நிற்கவில்லை, கோப்புகள் நகர்ந்தன. ஆனால் "எங்கள் தெருவை ஏன் விட்டீர்கள்" என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லை. கவுன்சிலர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

வார்டைக் கண்டுபிடிப்பது

சொத்து வரி ரசீதைப் பார்த்து வார்டு எண்ணை முடிவு செய்யாதீர்கள். அதில் பழைய எண் இருக்கலாம், வரி வசூலுக்காகப் பிரித்த வார்டாகவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது தேர்தல் வார்டு. 2022 தேர்தலுக்கு முன் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. சென்னையைச் சுற்றிப் பல ஊர்களில் அமைப்பே மாறிவிட்டது. மாங்காடு, குன்றத்தூர் போன்றவை 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆயின. அதே ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 70 வார்டு கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆனது. வீட்டை அங்குலம்கூட நகர்த்தாமலே சிலருக்கு வார்டு எண், அலுவலகம், அதிகாரி எல்லாம் மாறின.

நம்பகமான வழி, மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிடும் வார்டு வாரியான வாக்காளர் பட்டியல். அதில் உங்கள் தெருப் பெயர் எந்த வார்டின் கீழ் வருகிறதோ அதுதான் உங்கள் வார்டு. நகராட்சி அலுவலகத்திலும் கேட்டால் சொல்வார்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வெவ்வேறு வார்டாக இருப்பது சாதாரணம். பெரிய தெரு என்றால் குறுக்குச் சந்தோடு எல்லை முறிந்திருக்கும். அப்படிப்பட்ட தெருவில் குடியிருந்தால் இரண்டு கவுன்சிலர்களையும் சேர்த்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் "அது அவர் ஏரியா" என்று இருவருமே நழுவுவார்கள்.

வார்டு எல்லைகளுக்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. புறநகரில் 2011-க்குப் பிறகுதான் ஏரிக்கரை ஓரமெல்லாம் மனைப்பிரிவு ஆனது, அடுக்குமாடி எழுந்தது. காகிதத்தில் சமமாகத் தெரியும் இரண்டு வார்டுகளில் ஒன்றில் இன்றைக்கு இரண்டு மடங்கு ஆட்கள் இருக்கலாம். இரண்டுக்கும் கவுன்சிலர் ஒருவர்தான், மன்றத்தில் வாக்கும் ஒன்றுதான். அடுத்த முறை எல்லை வரையறை வரைவு வெளிவரும்போது ஆட்சேபணை கேட்பார்கள். அதற்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. வரைவு எப்போது ஒட்டப்படுகிறது என்று நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒரு கண் வைத்திருங்கள். நான் பார்த்தவரை ஆட்சேபணை கொடுப்பவர்கள் கட்சிக்காரர்களும் முன்னாள் கவுன்சிலர்களும்தான். குடியிருப்போர் சங்கத்தினர், எல்லாம் முடிந்தபிறகு புலம்ப வருவார்கள்.

பட்டியலில் பெயர்

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு. ஆனால் வார்டு பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வெட்டி ஒட்டித்தான் தயாராகிறது. எனவே முதலில் சட்டமன்றப் பட்டியலில் இப்போது குடியிருக்கும் முகவரியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்க படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே கவுன்சிலரிடம் உரிமையோடு பேசுவது நடக்காது. அவர் பேச்சை முடிக்கும் முன்பே மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார், இவருக்கு இங்கே ஓட்டு இல்லை என்று.

2025 இறுதியில் வாக்காளர் பட்டியலுக்கு நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், தமிழ்நாடு முழுக்க வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர், இடம் மாறியவர் போக, படிவம் வந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவர்களும் அதில் அடக்கம். வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கும் புறநகர்வாசிகள் கட்டாயம் ஒருமுறை சரிபாருங்கள். வார்டு பட்டியல் வெளியானதும் மறுபடி பாருங்கள். தெரு முழுவதும் வேறு வார்டில் சேர்ந்துவிடும் குளறுபடி அந்தக் கட்டத்தில்தான் நடக்கும். அதை நகராட்சி ஆணையரிடம் எழுதிக் கொடுத்து மாற்றலாம்.

உங்கள் ஓட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறது

ஒரே ஒருவரை. வார்டு உறுப்பினரை மட்டும். 2011-ல் நகராட்சித் தலைவருக்கும் தனியாக ஓட்டுப் போட்டோம். இப்போது கவுன்சிலர்கள் கூடித் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் மார்ச் 4-ஆம் தேதி அந்த மறைமுகத் தேர்தல் நடந்தது. அதனால், "வேட்பாளர் நல்லவர், கட்சி பிடிக்காது" என்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த நல்லவரின் ஓட்டு யாரைத் தலைவராக்கப் போகிறது என்பதும் உங்கள் ஓட்டில் சேர்த்திதான். சுயேச்சைக்குப் போட்டாலும் இதே கேள்வி உண்டு. தலைவர் தேர்தல் நெருக்கமாக இருந்தால் சுயேச்சைக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. அந்த நேரத்தில் தன் வார்டுக்கு என்ன கேட்டு வாங்கினார் என்பதில் அவருடைய சாமர்த்தியம் தெரிந்துவிடும்.

தலைவர் தேர்தலோடு முடிவதில்லை. நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று சிலவற்றுக்கும் கவுன்சிலர்களுக்குள் தேர்தல் நடக்கும். பத்திரிகையில் இரண்டு வரிகூட வராது. உங்கள் கவுன்சிலர் இவற்றில் எதிலாவது இருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள். வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று மேல்முறையீடு செய்யும் நாளில் உதவும்.

கவுன்சிலர் கையில் இருப்பதும் இல்லாததும்

அவரால் முடியாததைக் கேட்டுவிட்டு அவர் சரியில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். பட்டா தாசில்தாரிடம். ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறையிடம். மின்கம்பம் சாய்ந்தால் மின் வாரியம், ஆனால் அதில் எரியும் தெருவிளக்கு நகராட்சி. பேருந்து ஓடும் பிரதான சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் குழி விழுந்தால் நகராட்சி மண் போட்டு நிரப்பினாலே தணிக்கையில் கேள்வி வரும். ஏரி பல இடங்களில் நீர்வளத் துறையிடம் இருக்கிறது, சிறிய குளங்கள் நகராட்சியிடம் இருக்கலாம். மழைக்காலத்தில் புறநகர் மூழ்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பிரிவினைதான். நகராட்சி கட்டிய வடிகால் போய்ச் சேரும் கால்வாய் வேறு துறையுடையது. அங்கே அடைத்திருந்தால் இங்கே எவ்வளவு ஆழமாகக் கட்டினாலும் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும்.

நகராட்சியின் வேலை: உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால், குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, பூங்கா, சுடுகாடு, பிறப்பு இறப்புச் சான்று, கட்டட அனுமதி, சொத்து வரி. இவற்றில்கூட கவுன்சிலர் தானாக உத்தரவு போட முடியாது. உத்தரவு ஆணையருடையது, மதிப்பீடு பொறியாளருடையது, அனுமதி மன்றத்துடையது. நகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். 2023-ல்தான் அதுவும் வந்தது. அவருக்கென்று அலுவலகமோ உதவியாளரோ கிடையாது. உங்கள் மனுவை அவர் தொலைத்துவிட்டால் அதிசயப்படாதீர்கள், நகல் எடுத்து வையுங்கள்.

புறநகருக்கே உரிய இன்னொரு சிக்கல். உங்கள் தெரு நகராட்சித் தெருதானா? மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு ஒப்படைப்பது விதி. அங்கீகாரமில்லாத மனைகளில் இந்தத் தானப்பத்திரமே இருக்காது. அப்போது எந்த மனு போனாலும் "மேற்படி தெரு நகராட்சிக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியை எத்தனை கோப்புகளில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எனவே சாலை கேட்கும் முன், தெரு நகராட்சியின் பதிவேட்டில் இருக்கிறதா, தானப்பத்திரம் பதிவானதா என்று கேளுங்கள். நேரில் சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனு எழுதுவது

"ஐயா, எங்கள் தெருவில் சாலை மிகவும் மோசமாக உள்ளது, குழந்தைகளும் முதியவர்களும் சிரமப்படுகிறார்கள், ஆவன செய்ய வேண்டுகிறோம்." என் மேஜைக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. படித்தால் மனசு இளகும். ஆனால் பொறியாளருக்கு இதில் எதுவும் இல்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து எந்த இடம் என்று தேட வேண்டும். அவர் மேஜையில் இதுபோல இன்னும் ஒரு கட்டு இருக்கும். தேட வேண்டாத மனுதான் முதலில் நகரும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். வார்டு எண். தெருப் பெயர். எங்கிருந்து எதுவரை, கதவு எண்ணோடு. நீளம் எத்தனை மீட்டர், அகலம் எத்தனை. நீங்களே டேப் வைத்து அளந்து போடலாம். இப்போது என்ன இருக்கிறது: மண் சாலையா, பழைய தாரா, சிமெண்டா. கடைசியாக எப்போது போட்டார்கள். தண்ணீர் எந்தப் பக்கமாக வடிந்து எந்தக் கால்வாயில் சேர வேண்டும். அதைக் கையால் ஒரு படமாக வரைந்து இணைத்தால் பொறியாளர் உங்களை மறக்க மாட்டார். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வேலை பாக்கி இருக்கிறதா என்றும் எழுதுங்கள். பாக்கி இருந்தால் சாலை கேட்காதீர்கள், அதை முதலில் கேளுங்கள். புதுச் சாலை போட்ட மூன்றாம் மாதம் வெட்டிப் போட்டு மூடாமல் போவதைப் பார்த்துக் கடுப்பாவதைவிட அது நல்லது.

கையெழுத்துகளைக் கதவு எண்ணோடும் கைப்பேசி எண்ணோடும் வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களின் கையெழுத்து முன்னால் வரட்டும். கவுன்சிலர் அதைத்தான் எண்ணுவார். மூன்று பிரதி: ஆணையருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஆணையருக்கானதைத் தபால் பிரிவில் கொடுத்து உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். "வச்சிட்டுப் போங்க" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள், போட்டுத் தருவார்கள். கவுன்சிலரிடம் கொடுக்கும்போது அவருடைய லெட்டர்பேடில் ஆணையருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எழுதத் தயங்கும் கவுன்சிலர்கள் உண்டு. நீங்களே வரைவு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

காலமும் முக்கியம். நகராட்சி வரவுசெலவுத் திட்டம் மார்ச்சுக்குள் மன்றத்துக்கு வரும். எந்தெந்தத் தெரு என்ற பட்டியல் அதற்கு முன்பே பொறியியல் பிரிவில் உருவாகத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிற்கும்போது தேதி தெரியப் படம் எடுங்கள், டிசம்பரில் மனுக் கொடுங்கள். ஏப்ரலில் வெயிலில் வந்து வெள்ளப் படம் காட்டுபவர்களுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

பணம் எந்தப் பையிலிருந்து வரும் என்பதையும் கவுன்சிலரோடு பேசுங்கள். நகராட்சியின் பொது நிதி, மத்திய நிதிக்குழு மானியம், மாநிலத் திட்டங்கள் என்று பல. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் ஏற்பாடு இருக்கிறது. பூங்கா, சிசிடிவி போன்றவற்றுக்கு அடுக்குமாடிச் சங்கங்கள் இதைப் பயன்படுத்தலாம். வசதியில்லாத தெருக்காரர்களிடம் போய் இதை யோசனையாகச் சொல்லும் கவுன்சிலர் தன் வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்பது என் கருத்து.

அஜெண்டாவைப் படிப்பது

இது பலருக்குத் தெரியாத இடம், நான் ரசித்துச் செய்த வேலையும் இதுதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு கவுன்சிலர் வீட்டுக்கு அஜெண்டா போகும். அவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், ரகசியம் எதுவும் இல்லை. ஒரு பொருள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பொருள் எண் 23: வார்டு 14, இரண்டாவது குறுக்குத் தெருவில் 120 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் அமைக்கத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டுக்கு மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம். தீர்மானம்:"

தீர்மானம் என்ற இடம் காலியாக இருக்கும். கூட்டத்தில் அது நிரம்பும். "அனுமதிக்கப்பட்டது" என்றால் டெண்டருக்குப் போகும். "ஒத்திவைக்கப்பட்டது" என்றால் யாரோ எதிர்த்திருக்கிறார்கள் அல்லது யாருக்கோ இன்னும் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. "மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்" என்று முடியும் பொருளை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஏற்கெனவே செய்து முடித்த செலவை மன்றத்துக்குத் தெரிவிக்கும் வாசகம் அது. குழாய் உடைப்பு, மோட்டார் பழுது என்று நியாயமான அவசரங்களும் அதில் வரும், அவசரமே இல்லாதவையும் வரும். ஒரே வார்டில் மாதாமாதம் மோட்டார் பழுது பார்க்கும் பொருள் வந்தால் கவுன்சிலர் எழுந்து கேட்க வேண்டாமா? அலுவலக ஆளாக இருந்தபோது இதைச் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன்.

எண்பது தொண்ணூறு பொருட்களை அரை மணி நேரத்தில் "ஆல் பாஸ்" என்று முடிக்கும் கூட்டங்கள் உண்டு. வெளியே அதே நேரத்தில் நாலு பேர் கோஷம் போட்டு வெளிநடப்பு செய்திருப்பார்கள். மறுநாள் செய்தியில் வெளிநடப்பு வரும், நிறைவேறிய பொருட்கள் வராது. 2022-ல் பதவியேற்ற புதிதிலேயே இந்த மன்றங்கள் சந்தித்த தீர்மானங்களில் ஒன்று சொத்து வரி உயர்வு. வீட்டின் பரப்பைப் பொறுத்து நகராட்சிகளில் 25 முதல் 100 சதவீதம் வரை. அன்றைக்குத் தன் கவுன்சிலர் கூட்டத்தில் இருந்தாரா, என்ன பேசினார் என்று எத்தனை பேர் விசாரித்தார்கள்? தீர்மான நகல் தகவல் உரிமையில் கிடைக்கும். வருகைப் பதிவும் கிடைக்கும். அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் கவுன்சிலரின் ஐந்து வருட வருகையை வாங்கிப் பாருங்கள். துண்டுப் பிரசுரத்தைவிடப் படிக்கச் சுவாரசியமாக இருக்கும்.

தீர்மானம் நிறைவேறிய பிறகும் விட்டுவிடாதீர்கள். டெண்டர், பணி ஆணை, அப்புறம் வேலை. பணி ஆணை வந்ததும் கவுன்சிலரிடம் மதிப்பீட்டின் நகல் கேளுங்கள். சாலைக்கு எத்தனை சென்டிமீட்டர் கனம், வடிகாலுக்கு எவ்வளவு ஆழம் என்று அதில் இருக்கும். வேலை நடக்கும் நாளில் ஒரு ஸ்கேலோடு வாசலில் நின்றாலே போதும். பேச வேண்டியதுகூட இல்லை.

ஏரியா சபை

கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரங்களுக்கு ஏரியா சபையும் வார்டு குழுவும் உண்டு. 2022 ஜூனில் விதிகள் வந்தன, அதே ஆண்டு நவம்பர் 1-ல், உள்ளாட்சி நாளன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டைச் சில ஏரியாக்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வாக்காளர்களைக் கூட்டுவது ஏற்பாடு. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். பல இடங்களில் இது பத்து நாற்காலியும் ஒரு போட்டோவுமாக முடிகிறது. உங்கள் தெருவிலிருந்து இருபது பேர் போனால் அப்படி முடிக்க முடியாது. போகும்போது மூன்றே கோரிக்கை கொண்டுபோங்கள், எழுத்தில். நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லிவிட்டு, பதிந்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதிகாரிகள் மக்கள் முன்னால் கவுன்சிலருக்குத் தரும் வாக்குறுதிக்கு, தனியாக உங்களுக்குத் தருவதைவிட மதிப்பு அதிகம்.

கவுன்சிலரின் கணவர்

2016-ல் கொண்டுவந்த திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நல்லது. ஆனால் மனுவோடு போனால் வாசலில் உட்கார்ந்து வாங்குபவர் கணவராக இருப்பார். "சொல்லுங்க, நான்தான் பார்த்துக்கறேன்" என்பார். பணிவாக, "அம்மாவைப் பார்த்துக் கொடுத்துட்டுப் போறோம்" என்று காத்திருங்கள். மனுவில் அந்த அம்மாவின் பெயரை எழுதுங்கள், ஏரியா சபையில் அவரைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள், கைப்பேசி எண்ணையும் அவருடையதாகக் கேட்டு வாங்குங்கள். ஊரார் கேட்கக் கேட்கத்தான் அந்த இருக்கை அவருடையதாகும். முதல் கூட்டத்தில் கணவர் எழுதிக் கொடுத்த தாளை நடுங்கிக்கொண்டு படித்த ஒரு உறுப்பினர், பிறகு குடிநீர்க் குழாய் மதிப்பீட்டில் ஒரே தெரு இரண்டு இடத்தில் வந்திருப்பதைக் கூட்டத்தில் பிடித்தார். பொறியாளர் பொருளைத் திரும்பப் பெற்றார். வீட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு அலைந்தவருக்குத் தெருப் பெயர்கள் தலைகீழாகத் தெரிந்திருந்தன.

யாருக்கு ஓட்டு

2022-ல் ஓட்டுப் பதிவு பேரூராட்சிகளில் 74 சதவீதத்தைத் தாண்டியது, நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52 சதவீதத்துக்குப் பக்கம், சென்னையில் 44-ஐக்கூடத் தொடவில்லை. ஊர் பெரிதாகப் பெரிதாக அக்கறை குறைகிறது. இதில் அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வார்டில் வெற்றி சில பத்து ஓட்டு வித்தியாசத்தில்கூட முடிவாகும். நாற்பது வீடு கொண்ட ஒரு குடியிருப்பு மொத்தமாகப் போய் ஓட்டுப் போட்டால் வேட்பாளர்கள் அந்தக் கேட்டைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

வேட்பாளரின் வேட்புமனுவோடு சொத்து, வழக்கு விவரம் கொண்ட உறுதிமொழிப் பத்திரம் இருக்கும், பாருங்கள். நேரில் வந்தால் நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்வி. வார்டில் எந்தத் தெரு தாழ்வு, மழைத்தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது? உங்கள் குடும்பத்தில் யாராவது நகராட்சி ஒப்பந்ததாரரா? முதல் கேள்விக்குப் பதில் தெரியாதவர் வார்டில் நடந்ததில்லை. இரண்டாவதுக்கு வரும் பதிலைவிட, பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள்.

நீங்களே நின்றால்

வயது 21 முடிந்திருக்க வேண்டும். அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். நகராட்சியோடு நடப்பு ஒப்பந்தம் இருக்கக் கூடாது, வரி பாக்கி இருக்கக் கூடாது. ரசீதுகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், பரிசீலனை நாளில் அதைத்தான் எதிராளி கிளறுவார். பொது வார்டில் பெண்களும் நிற்கலாம், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் மட்டும்தான் என்றில்லை. 2022-ல் நகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 2,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2025-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி மன்றத்தில் நியமன உறுப்பினராகலாம்.

உங்கள் வார்டு எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது என்ற அறிவிப்பு வரும்வரை நோட்டீஸ் அடிக்காதீர்கள். ஒதுக்கீடு மாறிக் கடைசி நேரத்தில் மனைவியையோ அம்மாவையோ நிறுத்த ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுயேச்சை என்றால் சின்னம் கடைசியில்தான் கிடைக்கும், பிரசாரத்துக்கு இருக்கும் நாட்களோ கொஞ்சம். அதற்குள் அந்தச் சின்னம் வீட்டுக்கு வீடு தெரிய வேண்டும். முன்பே ஒவ்வொரு தெருவிலும் மனு எழுதிக் கொடுத்து முகம் தெரிந்தவர் என்றால் அது கஷ்டமில்லை.

செலவுக் கணக்கை அன்றன்றைக்கு எழுதுங்கள், பில்லோடு. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்கவே முடியாமல் போகலாம்.